இன்னாசி வீட்டு ஏ.சி. ஒழுகிய கதை

என் மனைவி ஷெரின் ஏ.சி. மெக்கானிக். இதைச் சொன்னவுடன் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வூட்டு ஏ.சி.கூட சரியா கூலிங் வர மாட்டேங்குதுபா, வந்து பாரேன்" என்பார்கள். நான் எதற்கு வர வேண்டும்? நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அவளுடைய ஏணியையும் தண்ணீர் பம்பையும் ஏற்றி இறக்குவதும், அவள் மேலே நிற்கும்போது ஏணியைப் பிடித்துக்கொள்வதும்தான் என் வேலை. மதகடிப்பட்டு டீக்கடையில் சிலர் எனக்கு 'ஹெல்பர்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். கத்திரி வெயிலில் அவர்கள் வீட்டு ஏ.சி. படுத்துக்கொண்டால் யாருக்குப் போன் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் மூக்கு மேலேயே இருக்கும். லியோ பிரகாஷ் என்று பேர் வைத்ததற்கு பதில் பட்டாசு என்று வைத்திருக்கலாம் என்பாள் என் அம்மா. ஷெரின் அப்படி இல்லை. நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒரு வார்த்தை பேசுவாள். இந்தக் கதையை அவளைச் சொல்லச் சொன்னால், "பைப்புல காத்து அடைச்சிருந்துச்சு, எடுத்துவுட்டேன்" என்று முடித்துவிட்டு டீ போடப் போய்விடுவாள். அதனால்தான் நான் சொல்கிறேன்.

ஐ.டி.ஐ.யில் அவள் படித்த வகுப்பில் இருபத்து நாலு பையன்கள், இவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் பாண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் கொடுக்க வேண்டியவளுக்கு டெலிபோனைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். நாலு வருஷம் "சர்வீஸ் பசங்க வருவாங்க சார்" என்று சொல்லிச் சொல்லி வெறுத்துப்போய் வேலையை விட்டாள். மதகடிப்பட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் அமீர் ஹம்சா பாய் தன் கடை வாசலில் போர்டு மாட்ட இடம் கொடுத்தார். போர்டு எழுத வந்த பெயின்டர், "பொம்பள பேரு போட்டா ஆள் வருமாண்ணா? உங்க பேரையே போட்டுடட்டா?" என்று என்னைக் கேட்டார். அவள் பேரைத்தான் போட வேண்டும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரி சிவப்பில் போட வேண்டும் என்று பக்கத்திலேயே நின்று எழுத வைத்தேன்.

வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவப் பங்கு சின்னது. ஒரு கோயில், நாலு தெரு, அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் குவைத்துக்கும் பிரான்சுக்கும் போய்விட்டதால் ஐந்தாறு வருஷத்தில் பன்னிரண்டு வீட்டில் ஏ.சி. வந்துவிட்டது. அந்தப் பன்னிரண்டு வீட்டையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்து கொடுக்கிற வேலை இந்த வருஷம் ஷெரினுக்குக் கிடைத்தது. சொந்தப் பங்கில், தெரிந்த முகங்கள் கதவைத் திறந்து உள்ளே விட்டதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இது நிலைத்தால்தான் வெளியூர்க்காரன் நம்பிக் கூப்பிடுவான் என்று அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

பன்னிரண்டு வீடும் சேர்ந்து வந்ததற்குக் காரணம் இன்னாசி மாமா. முறைக்கு மாமா இல்லை, ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூசையில் அவர் செபம் சொன்னால் மைக் தேவையில்லை. அவர் ஒன்றை நல்லது என்று சொன்னால் எங்கள் பங்கில் அது நல்லது, கெட்டது என்று சொன்னால் கெட்டது. "நம்ப பொண்ணு, நல்லா செய்யுது" என்று அவர் போன தடவை சொன்னதால்தான் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஏ.சி.யை எல்லாரும் படுக்கையறையில் மாட்டுவார்கள். இவர் ஹாலில் மாட்டினார். படுக்கையறையில் மாட்டினால் யார் பார்ப்பது? தெருக்கதவைத் திறந்தால் நேரே எதிர்ச் சுவரில் ஏ.சி. தெரியும். அதற்கு நேர் கீழே மர ஸ்டாண்டில் திருஇருதய ஆண்டவர் படம், அதற்கு முன்னால் சின்ன சிவப்பு விளக்கு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஹாலிலேயே பாய் விரித்துத் தூங்குகிறார்கள்.

அந்த ஏ.சி.யால் இன்னாசி மாமாவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு, வெள்ளைச் சட்டை நாலு துவைப்பில் மஞ்சளாகிவிடும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, சோப்பு நன்றாக நுரைக்கும். அவர் மனைவி மதலேனாள் அத்தை வீட்டின் பின்பக்கம் அந்தத் தண்ணீர் வந்து விழும் பைப்புக்கு அடியில் ஒரு வெள்ளை கேன் வைத்து, சேருகிற தண்ணீரில்தான் அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை அலசுவார். பூசைக்கு வருகிறவர்களில் இன்னாசி மாமா சட்டைதான் வெள்ளை. அவரே சொல்லிக்கொள்வார். அலசுவது யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

மே மாதம் இரண்டாவது வியாழக்கிழமை அவர் வீட்டில் சர்வீஸ். ஷெரின் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு, ஆண்டவர் படத்தை இரண்டு கையாலும் எடுத்து உள் அறையில் பத்திரமாக வைத்தாள். ஏ.சி.யைச் சுற்றி பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, அதன் வாலை பக்கெட்டில் விட்டு, பம்பைப் போட்டு உள்ளே இருக்கும் தகடுகளையும் காற்றாடியையும் அலசினாள். முதலில் வந்த தண்ணீர் டிகாக்ஷன் மாதிரி வந்தது. பக்கெட்டைத் தூக்கி இன்னாசி மாமாவிடம் காட்டினாள். "பாருங்க மாமா, இத்தினி நாளா இந்த அழுக்க தாண்டித்தான் காத்து வந்துக்கினு இருந்துச்சு." அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

கடைசியில் ஒரு வேலை செய்வாள். ஒரு சொம்பு தண்ணீரை ஏ.சி.யின் உள் தட்டில் ஊற்றி, பின்பக்கம் பைப்பில் முழுசாக வந்து விழுகிறதா என்று பார்ப்பாள். வராவிட்டால் அது சுவரில்தான் இறங்கும். அன்றைக்கு மதலேனாள் அத்தைதான் பின்னால் போய் நின்றார். "வருது, வருது! நல்லா கொட்டுது!" என்று அவர் கத்தியது தெரு முனை வரைக்கும் கேட்டிருக்கும். ஆண்டவர் படத்தைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, விளக்கைப் போட்டுவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து கோயில் திடலுக்கு வந்தோம். இன்னாசி மாமா நடுவில் நிற்கிறார். கையில் அந்தப் படம். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, ஆண்டவரின் காலடியிலிருந்து இடுப்பு வரைக்கும் காகிதம் ஊதிப்போயிருந்தது. சுற்றிலும் கூட்டம்.

"பாருங்கய்யா, எல்லாரும் பாருங்க! வியாழக்கெழம சர்வீஸு, ஞாயித்துக்கெழம விடியக்கால செவுரு பூரா தண்ணி. எங்க கல்யாணத்துல சாமியாரு மந்திரிச்ச படம். இத்தினி வருஷம் ஒரு பொட்டு அழுக்கு பட்டதில்ல. பொம்பள கையில ஸ்பேனர குடுத்தா இப்புடித்தான் ஆவும். நாந்தான் புத்தி கெட்டுப்போயி ஊருக்கே சொன்னேன். இப்ப நானே சொல்றேன், வேணாம்!"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. அவருடைய வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருப்பேன். ஷெரின் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் தடம் பதிந்துவிட்டது. அவள் முன்னால் போய், "மாமா, நாளைக்கி காலையில வந்து பாக்குறேன். என் தப்பா இருந்தா நானே ஒத்துக்குறேன்" என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டிலிருந்து போன். யாரும் சண்டை போடவில்லை. "இந்த மாசம் வேணாம்மா, அப்பறம் பாத்துக்கலாம்" என்று எல்லாரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஷெரினும் ஒவ்வொருவருக்கும் "சரிங்கக்கா", "சரிங்கண்ணா" என்று சொல்லி வைத்தாள். ஒன்பதாவது போனை வைத்துவிட்டு, கருவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்து வைத்த சாமான்தான்.

திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது இன்னாசி மாமா ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நியாயம் கேட்க வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். சுவரில் ஏ.சி.யிலிருந்து ஸ்டாண்டு வரைக்கும் பழுப்புக் கோடு இறங்கியிருந்தது. மதலேனாள் அத்தை சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வாம்மா" என்று சொல்ல உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

ஷெரின் ஏ.சி.யின் மூடியைக் கழற்றினாள். தட்டு சுத்தமாக இருந்தது. மட்டம் வைத்துப் பார்த்தாள், ஏ.சி. நேராகத்தான் இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். தட்டு நிரம்பி, ஓரத்தில் வழிந்து, சுவரில் கோடாக இறங்கியது. நாற்காலியில் இருந்தவர், "இப்ப இன்னா சொல்ற?" என்றார். ஷெரின் துணியால் சுவரைத் துடைத்துவிட்டு, "பின்னால பாத்துட்டு வரேன் மாமா" என்று ஏணியிலிருந்து இறங்கினாள். நான் அவள் பின்னாலேயே போனேன். மதலேனாள் அத்தையும் சமையலறை வழியாக வந்தார். வேறு யாரும் வரவில்லை, ஹால் நிழலை விட்டுவிட்டு யார் வெயிலுக்கு வருவார்கள்?

பின்பக்கம் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் கேன் இருந்தது. பழைய திறந்த கேன் இல்லை, திருகு மூடி போட்ட புது வெள்ளை கேன். மூடியின் நடுவில் பைப் நுழைகிற அளவுக்குச் சரியாக ஓட்டை போட்டு, பைப்பைச் சொருகி, சுற்றிலும் பசை வைத்து விரலால் வழித்து அழகாக ஒட்டியிருந்தது. ஈ எறும்பு நுழைய இடமில்லை. ஷெரின் குனிந்து மூடியைப் பிடித்துத் திருகினாள். 'புஸ்' என்று காற்று வெளியே வந்தது. அடுத்த நொடி பைப்பில் தேங்கி நின்ற தண்ணீர் அத்தனையும் கடகடவென்று கேனுக்குள் கொட்டியது.

எனக்கே புரிந்துவிட்டது. கேனுக்குள் இருக்கும் காற்று வெளியே போக வழி இல்லை. காற்று போகாவிட்டால் தண்ணீர் எப்படி உள்ளே வரும்? வந்த வழியே திரும்பி ஏறி, தட்டு நிரம்பி, சுவரில் இறங்கியிருக்கிறது. வியாழக்கிழமை இந்த மூடி கிடையாது. என் மனைவி மேல் ஒரு குண்டுமணி அளவுக்குக்கூடத் தப்பு இல்லை!

"அத்த, இது எப்ப வெச்சது?" என்று ஷெரின் மெதுவாகக் கேட்டாள்.

மதலேனாள் அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெள்ளிக்கெழம கொம்யூன் பஞ்சாயத்து ஆளுங்க வந்தாங்கமா, டெங்கு கொசுவுக்கு. தொறந்த தண்ணி வெக்கக் கூடாதுன்னு கேன கவுத்துட்டாங்க. இன்னொரு தடவ பாத்தா நோட்டீஸ் ஒட்டுவோம்னாங்க. அவருக்குத் தெரிஞ்சா அவங்ககூட சண்டைக்குப் போவாரு. சட்ட அலச தண்ணியும் வேணும். அதான் நானே ஒரு கம்பிய காய வெச்சி மூடியில ஓட்ட போட்டு பைப்ப ஒட்டுனேன். சனிக்கெழம பூரா காய வுட்டு, பொழுது சாய மூடிய கேன்ல திருவுனேன்." அவர் கேனையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப... நான் பண்ணதாம்மா? அந்தப் படம் எங்கம்மா எனக்குக் குடுத்து அனுப்புன படம்மா."

படம் யார் வீட்டுப் படம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட, கேனைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் நடுவில் வைத்து, "இன்னாய்யா இன்னாசி மாமா, யாரு தப்பு?" என்று கேட்க வேண்டும் என்ற துடிப்புதான் அதிகமாக இருந்தது. கை நீட்டினேன். ஷெரின் என்னைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன்.

அவள் பெட்டியிலிருந்து துளை போடும் மெஷினை எடுத்து மூடியின் ஓரத்தில் இரண்டு துளை போட்டாள். கொசுவலைத் துண்டு ஒன்றை வெட்டி அதன் மேல் ஒட்டினாள். "ரொம்ப நல்லா ஒட்டியிருக்கீங்க அத்த, எங்க கம்பெனில இருந்தவங்களே இவ்ளோ சுத்தமா ஒட்ட மாட்டாங்க. காத்து போவ மட்டும் வழி வேணும். இப்ப கொசுவும் போவாது, தண்ணியும் நிக்காது" என்றாள்.

திரும்ப ஹாலுக்கு வந்து, ஏணியில் ஏறி, இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு வழியவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

"இன்னாமா இருந்துச்சு?" என்று கேட்டார் இன்னாசி மாமா.

மதலேனாள் அத்தை நிலைப்படியில் நின்று வாயைத் திறந்தார். ஷெரின் முந்திக்கொண்டாள். "தண்ணி போற டிரெயின் பைப்புல காத்து அடைச்சிருந்துச்சு மாமா. எடுத்துவுட்டேன். இனிமே ஒழுவாது."

"அப்ப வியாழக்கெழம நீ அத பாக்கல."

ஷெரின் சொம்பைக் கீழே வைத்தாள். "இனிமே நல்லா பாத்துக்கறேன் மாமா" என்றாள்.

"நான் இன்னா சொன்னேன்?" என்று அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தலையை ஆட்டினார்கள். நான் ஏணியைத் தூக்கிய வேகத்தில் அது கதவில் இடித்தது. வேண்டுமென்றேதான் இடித்தேன்.

ஷெரின் உடனே கிளம்பவில்லை. அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினாள். சட்டத்தைப் பின்பக்கம் பிரித்து, காகிதத்தைக் கிழியாமல் உருவி எடுத்து, மெஷின் போர்டுகளைக் காய வைக்கிற ப்ளோயரை மிதமான சூட்டில் வைத்து, அரை மணி நேரம் விரல் நுனியால் நீவி நீவிக் காய வைத்தாள். பழைய கெட்டிக் காகிதம். ஊதல் அடங்கியது. காலடியில் மட்டும் ஒரு கறை நின்றுவிட்டது. கண்ணாடியைத் துடைத்து மாட்டி, இன்னாசி மாமா கையை நீட்டியும், மதலேனாள் அத்தையின் கையில் கொடுத்தாள்.

ஆட்டோவில் ஏறினதும் நான் வெடித்தேன். "உனக்கு பைத்தியமா? ஒன்பது வூடு போச்சு. மீதி இருக்கறதும் இனிமே போவும். போர்டுல இருக்கற பேரு போச்சு. உண்மையச் சொல்ல வாய் வலிக்குதா?"

"சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"அப்பறம் இன்னாத்துக்கு சொல்லல?"

"அத்த மூஞ்ச பாத்தீங்களா? அவர் அத வுட்டுடுவாரா? சாவுற வரைக்கும் அந்தக் கறைய காட்டிக் காட்டிப் பேசுவாரு. என் பேரு போனா நான் மறுபடியும் சம்பாதிச்சுக்குவேன்ங்க. சோரியாங்குப்பத்துல போயி ஏ.சி. கழுவுவேன், பண்டசோழநல்லூர்ல போயி கழுவுவேன். அவங்க எங்க போவாங்க? காலையில எழுந்தா அந்த ஹால்ல அந்த மனுசன் மூஞ்சிலதான முழிக்கணும்?"

பதில் தெரியாவிட்டால் நான் ஹாரன் அடிப்பேன். மதகடிப்பட்டு வரைக்கும் அடித்துக்கொண்டே போனேன்.

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். புதன்கிழமை இன்னொரு வீடு வேண்டாம் என்றது. டீக்கடையில் ஒருவன், "இன்னா ஹெல்பர், ஏணிக்கு லீவா?" என்றான். டம்ளரை டேபிளில் வைத்த வேகத்தில் டீ அவன் லுங்கியில் தெறித்தது. ஷெரின் மட்டும் தினமும் காலையில் குளித்து, யூனிஃபார்ம் சட்டை போட்டு, கடை வாசலில் போய் உட்கார்ந்தாள். ஹம்சா பாய் கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜ் ஒன்றைப் பார்த்துக் கொடுத்தாள். சாப்பிடும்போது இரண்டு நாள் தட்டில் பாதிச் சோறு மிச்சம் வைத்தாள். அவள் வருத்தப்படவில்லை என்று நினைக்காதீர்கள். வருத்தப்பட்டாள். ஆனால் அந்தக் கேனைப் பற்றி என்னிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் யாரிடமும் பேசக் கூடாது என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போக வேண்டாம் என்றேன். அவள் போக வேண்டும் என்றாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பூசை முடிந்து எல்லாரும் திடலில் வேப்பமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னாசி மாமா வழக்கம்போல் நடுவில். நான் ஆட்டோவைக் கிளப்பப் போனேன்.

அப்போது சைக்கிள் நிறுத்துகிற சுவர் ஓரத்திலிருந்து மதலேனாள் அத்தை வந்தார். பூசை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போய் உலை வைக்கிறவர் அவர். திடலில் நின்று அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு இடுப்பில் அந்த வெள்ளை கேன் இருந்தது. கூட்டத்துக்குள் புகுந்து, இன்னாசி மாமாவுக்கு முன்னால் தரையில் கேனை வைத்தார்.

"இன்னா மதலே இது? வூட்டுக்குப் போ" என்றார் மாமா.

"இருங்க. போன ஞாயித்துக்கெழம நீங்க இங்கதான பேசுனீங்க? நானும் இங்கதான் பேசணும்."

அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "எல்லாரும் கேட்டுக்குங்க. கொம்யூன் ஆளுங்க கொசுவுக்காக கேன கவுத்தாங்கன்னு இதுக்கு ஒரு மூடிய ஒட்டி பைப்ப அடைச்சது நான். அந்தப் பொண்ணு போன பின்னாடி, நானா ஒட்டுனது. அதனாலதான் தண்ணி செவுத்துல எறங்குச்சு. ஷெரினு தெறந்து பாத்துச்சு. எல்லாம் தெரிஞ்சும் அத்தினி பேரு முன்னால என்னக் காட்டிக் குடுக்கல, பழிய தன் தலமேல போட்டுக்கிச்சு. ஆறு நாளா எனக்கு சோறு எறங்கல. நற்கருணை அப்பம் வாங்க இன்னைக்கி நான் எழுந்து போவல, பாத்தீங்களா? இந்தப் பாவத்தோட எப்புடிப் போவேன்?" அவர் புருஷன் பக்கம் திரும்பினார். "பொம்பள கை வெச்சா இப்புடித்தான் ஆவும்னு சொன்னீங்க. ஆமாங்க, பொம்பள பண்ணதுதான். உங்க சட்டைய அலசுற இந்தப் பொம்பள பண்ணது. அந்தப் பொண்ணு பண்ணதுல ஒரு கொறையும் இல்ல."

இன்னாசி மாமாவின் முகம் கறுத்தது, சிவந்தது. மைக் தேவைப்படாத அந்தக் குரல் எங்கே போனதோ தெரியவில்லை. கேனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் ஷெரினைப் பார்த்தார். ஆட்டோ பக்கம் நின்றிருந்த அவளிடம் நடந்து வந்தார்.

"ஏம்மா, அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா அத்தய இன்னா பண்ணியிருப்பீங்க மாமா?" என்று கேட்டாள் ஷெரின். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

ஊர் முழுக்க அவர் பதிலுக்காகக் காத்திருந்தது. அவர் திரும்பிப் போய், குனிந்து கேனை எடுத்தார். அதில் பாதி தண்ணீர் இருந்தது, வெள்ளைச் சட்டையில் சிந்தியது. "வா மதலே, போலாம்" என்றார். அத்தை உடனே நகரவில்லை. ஷெரினிடம் வந்து, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் தடவி, விரல்களைத் தன் நெற்றியில் வைத்து நெட்டி முறித்தார். பிறகுதான் கிளம்பினார். மாமா கேனோடு காத்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பெண்கள் எல்லாரும் ஷெரினைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஏம்மா, எங்க வூட்லயும் கொசுவுக்குன்னு துணி வெச்சி இறுக்கிக் கட்டியிருக்கோம், அதுவும் தப்பா?" "எங்க பைப்ப தண்ணித் தொட்டிக்குள்ள வுட்டு மூடியிருக்காருமா, வந்து பாக்குறியா?" ஷெரின் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னாள். நான் ஏணி மாதிரி நிமிர்ந்து நின்றேன். என் மனைவி என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது, ஆனால் அங்கே இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

ஆட்டோ பெரிய வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாளும் கலங்காமல் இருந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னாடி, எல்லாம் நல்லாத்தான ஆச்சு?"

"அவங்க சொல்லுவாங்கன்னு நான் நெனக்கவே இல்லங்க" என்றாள். "அந்தப் பேரு போனது போனதுதான்னு வுட்டுட்டேன்."

ஆட்டோவை ஓரம் கட்டினேன். அவள் போன் அடித்தது. கோயில் தெரு வீடு. அது முடிவதற்குள் இன்னொன்று. நான் போனை வாங்கிக்கொண்டு இறங்கி, அவள் நிம்மதியாக அழட்டும் என்று புளியமரத்தடிக்குப் போய் நின்றேன். தொண்டையைச் சரி செய்துகொண்டு, "மேடம் கொஞ்சம் பிஸியா இருக்காங்க" என்றேன். "எந்த வூடுன்னு சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."